ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க?

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவம் இல்லை, பள்ளிக்கூடம் பற்றி. நடுவில் ஒரு ஹீமோகுளோபின் ரிப்போர்ட் வருவதால் நான் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. 2025ல் மாநிலம் முழுக்க 93.80 சதவீதம். 2024ல் 91.55. எங்கள் பக்கம் பஸ் ஸ்டாண்டு, டீக்கடைக்கு எதிர்ச் சுவர், பள்ளிக்கூட கேட் என்று எங்கே பார்த்தாலும் ஃபிளெக்ஸ். "100% தேர்ச்சி" என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே முதல் மூன்று மார்க் வாங்கின பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படம்.

அடுத்த இரண்டு வாரம் என் ஓபியில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். சுகர் மாத்திரைக்கு வந்த அம்மா, சீட்டை நீட்டிக்கொண்டே கேட்பார்: "பாப்பா எட்டாவது முடிச்சிருச்சு டாக்டரம்மா. எந்த ஸ்கூல்ல போடலாம்?"

டாக்டர்கிட்ட எதுக்கு இதைக் கேக்குறாங்கன்னு யோசிக்காதீங்க. ஊரில் நாலு எழுத்து படித்தவர்கள் என்று யார் கண்ணில் படுகிறார்களோ அவர்களிடம் கேட்பார்கள். வீஏஓ, நர்ஸம்மா, போஸ்ட் ஆபீஸ்காரர், நான்.

மூன்று வருடம் முன்னால், 2022 ஜூனில், ஒரு அக்காவுக்கு நான் இதற்குப் பதில் சொன்னேன். ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னேன். அது தப்பான பதில்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டம். ஒன்றியம் பெயர், பள்ளி பெயர் எதுவும் வேண்டாம். மழையை நம்பின நிலம். முருங்கை, ஆடு, அப்புறம் ஸ்பின்னிங் மில்கள். தொடக்கப் பள்ளி கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் உண்டு. எட்டாவது வரைக்கும் நடுநிலைப் பள்ளி சில ஊர்களில் உண்டு. எட்டு முடிந்தால் பிள்ளை ஊரை விட்டு வெளியே போய்த்தான் படிக்கணும்.

அந்த அக்காவின் ஊரிலிருந்து போகக்கூடிய அரசு மேல்நிலைப் பள்ளிகள் மூன்று. மெயின் ரோட்டில் ஒன்று, 11 கிலோமீட்டர். கரட்டடியில் ஒன்று, 3 கிலோமீட்டர். டவுனில் பெண்கள் பள்ளி, 19 கிலோமீட்டர். டவுன் பள்ளியில் ஆசிரியர் இடம் எல்லாம் நிரம்பியிருக்கும், லேப் நல்லா இருக்கும், ஆனால் இரண்டு பஸ் மாறணும். அதை அக்காவே தள்ளிவிட்டார். மிச்சம் இரண்டு.

அப்போது நான் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில், பள்ளிச் சிறார் நலக் குழுவில் இருந்தேன். ஒரு வண்டி, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட். வருடத்துக்கு ஒரு தடவை ஒன்றியத்தில் இருக்கிற எல்லா அரசுப் பள்ளிக்கும் போய் ஒவ்வொரு வகுப்பாக உட்கார வைத்து உயரம், எடை, கண், பல், தோல், இதயச் சத்தம் எல்லாம் பார்த்து கார்டில் எழுதுவோம். அதனால் எல்லாப் பள்ளியையும் நேரில் பார்த்தவள் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

மெயின் ரோட்டுப் பள்ளிக்குள் போனாலே ஒரு ஒழுங்கு தெரியும். புது பெயின்ட், ஸ்மார்ட் கிளாஸ், மணி அடித்தால் ஊசி விழுந்தால் கேட்கும். ஹெச்எம் ரூமில் வருட வாரியாக சதவீதம் எழுதின போர்டு: 100, 100, 100.

கரட்டடிப் பள்ளி அப்படி இல்லை. பாதிக் கட்டடத்தில் ஓடு. சத்துணவுக் கூடத்துப் புகை எட்டாம் வகுப்பு வரைக்கும் வரும். கணக்குக்கு முதுகலை ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம் ஓடியது, அப்புறம் தற்காலிகமாக ஒருவரைப் போட்டார்கள். சதவீதம் எண்பத்தி சொச்சம்.

"மெயின் ரோட்டு ஸ்கூல்லயே போடுங்கக்கா. பஸ் ஃப்ரீதானே"ன்னு சொன்னேன்.

என் கதையும் இதில் கொஞ்சம் இருக்கிறது. நான் பத்தாவது வரைக்கும் இந்த மாதிரி ஒரு ஓட்டுக் கட்டடத்துப் பள்ளிதான். அங்கே சயின்ஸ் குரூப் கிடையாது. அப்பா கடன் வாங்கி, நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார். கோழிப்பண்ணை என்று கிண்டல் செய்வார்களே, அது மாதிரி. 2008ல் பிளஸ் டூ. நுழைவுத் தேர்வு அதற்கு முந்தைய வருடமே போயிருந்தது, நீட் இன்னும் வரவில்லை, பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். சீட் கிடைத்தது. அதனால் போர்டில் நூறு என்று பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மரியாதை தானாக வந்துவிடும். அந்த மரியாதையில்தான் அக்காவுக்குப் பதில் சொன்னேன்.

அந்த இரண்டு பள்ளிகளிலும் நான் கண்ணால் பார்த்து, ஆனால் கணக்கில் எடுக்காமல் விட்ட விஷயங்கள் உண்டு. மெயின் ரோட்டுப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் பாத்ரூம் பூட்டியிருக்கும். சாவி ஸ்டாஃப் ரூமில். நாசம் பண்ணிவிடுவார்களாம். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது பிள்ளைகள் பையில் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே இருக்கும். காலையிலிருந்து ஒரு மடக்கு குடிக்கவில்லை. நீர்க்கடுப்பு என்று அந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். கரட்டடியில் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை அந்த ஹெச்எம் தன் எதிரிலேயே முழுங்க வைப்பார். வேறு சில பள்ளிகளில் அந்த நீல மாத்திரை ஜன்னலுக்கு வெளியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கு சுகாதார விஷயம், படிப்பு விஷயம் இல்லை. அப்போது அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2021 மேயிலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய விஷயம், மறுக்கவே மாட்டேன். ஆனால் அந்த ஊருக்கு பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலை பஸ் ஏழு மணிக்கு. சாயங்கால பஸ் ஆறரைக்கு, அதுவும் வந்தால். ஸ்கூல் நாலே காலுக்கு விட்டுவிடும். இரண்டே கால் மணி நேரம் பதினாலு வயசுப் பிள்ளை மெயின் ரோட்டில் நிற்கணும். நான் பைக்கில் போகிறவள். அந்த ஆறரை மணி எனக்குத் தோன்றவே இல்லை.

2022 ஆகஸ்டில் நாங்கள் அந்தப் பள்ளிக்குப் போனோம். ஒன்பதாவதில் 62 பேர். அக்காவின் பொண்ணு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கம்மா உங்களைத்தான் சொல்லும் மேடம்."

2023 ஆகஸ்டில் மறுபடி போனோம். பத்தாவது வகுப்பு. என் பார்மசிஸ்ட் போன வருடக் கார்டுகளை அடுக்கி வைத்துப் பெயர் கூப்பிடுகிறார். கடைசியில் கையில் 15 கார்டு மிச்சம். 47 பேர்தான் வகுப்பில்.

"மீதிப் பேர் லீவா?" என்று கிளாஸ் டீச்சரைக் கேட்டேன்.

"டிசி வாங்கிட்டாங்க மேடம்."

அவ்வளவுதான். நானும் "ஓ"ன்னு சொல்லிட்டு அடுத்த வகுப்புக்குப் போயிட்டேன். அன்றைக்கு இன்னும் இரண்டு பள்ளி பாக்கி. மிச்சக் கார்டில் யார் பெயர் என்றுகூடப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பரில் அந்த அக்கா ஓபிக்கு வந்தார். கூடவே பொண்ணு. மாத்திரைக்கு வரவில்லை.

"ஒரு சர்டிபிகேட் வேணும் டாக்டரம்மா. வயசு பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னு. மில்லுல கேக்குறாங்க."

பொண்ணுக்கு வயசு பதினஞ்சு. எனக்குத் தெரியும், என் கையெழுத்தில் கார்டு இருக்கிறது.

அவள் நின்ற விதத்திலேயே ஏதோ சரியில்லை. உட்காரச் சொல்லி கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெள்ளை. நகம், நாக்கு எல்லாம் அதே. லேபுக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 7.4. இந்த வயசுப் பெண்ணுக்கு 12 இருக்கணும். 8க்குக் கீழே போனால் தீவிர ரத்தசோகை என்று சொல்வோம்.

போன வருடம் கார்டில் 10.2 எழுதியிருந்தேன். ஒரு வருடத்தில் எப்படி இறங்கும்? கேட்கக் கேட்க வந்தது. பீரியட்ஸ் பத்து நாள் போகிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஸ்கூலை விட்டதும் சத்துணவு நின்றது. பத்தாவது வரைக்கும் ஸ்கூல் நாளில் தினமும் ஒரு முட்டை, அது நின்றது. நீல மாத்திரை நின்றது. காலையில் ஆடு, மத்தியானம் முருங்கை பறிக்கப் போகிறாள். கஞ்சியும் ஊறுகாயும் சாப்பாடு.

"ஏன்க்கா ஸ்கூலை நிறுத்துனீங்க?"

"நாங்க நிறுத்தல டாக்டரம்மா."

ஒன்பதாவது முடிவில் கணக்கில் பதினாலு மார்க். அக்காவைக் கூப்பிட்டார்கள். திட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். பிள்ளைக்குப் படிப்பு வராது, பத்தாவதில் ஃபெயிலானால் மனசு உடைந்து போகும், இப்பவே டிசி வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதட்டும், அது ஈஸி என்று சொன்னார்கள். அக்கா ரேகை வைத்துவிட்டு வந்துவிட்டார். தனித்தேர்வர் என்றால் யாரிடம் போய் என்ன ஃபார்ம் வாங்கணும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

"அவ சாயங்காலம் வீடு சேர ஏழரை ஆயிரும். எனக்கும் பயம்தான். மில்லு வேன் வீட்டு வாசலுக்கே வருதுங்க."

ஸ்கூலுக்கு பஸ் வராத ஊருக்கு மில் வேன் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் வருகிறது. அக்கா பேசியதில் கோபம் எதுவும் இல்லை. நான் கைகாட்டின பள்ளி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சர்டிபிகேட் கொடுக்கவில்லை. பொய் வயசு எழுத முடியாது, அது தனி. இந்த ரத்தத்தோடு மில்லில் நைட் ஷிப்ட் நின்றால் மயங்கி மெஷின்மேல் விழுவாள் என்று மட்டும் சொன்னேன். தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்த ஸ்மியர் பார்த்து, பூச்சி மருந்து கொடுத்து, பீரியட்ஸுக்கு மகப்பேறு டாக்டரிடம் காட்டி, இரும்புச்சத்து ஊசி, அப்புறம் மாத்திரை.

அவள் டிஸ்சார்ஜ் ஆன வாரம் நான் கரட்டடிப் பள்ளிக்குப் போனேன். ஆஸ்பத்திரி வண்டியில் இல்லை, என் பைக்கில். அந்த ஹெச்எம்முக்கு அப்போது ரிட்டையர் ஆக இரண்டு வருடம். நடந்ததைச் சொன்னேன். பத்தாவது, செப்டம்பர் முடியப் போகிறது, கணக்கில் பதினாலு மார்க்.

அவர் டிசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணைச் சேர்த்தா என் பர்சன்டேஜ் இறங்கும், தெரியுமில்ல டாக்டர்?"

"தெரியும் சார்."

"மாவட்ட ரிவ்யூல என்னை எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் கேப்பாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெல் அடித்து அட்மிஷன் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். "வருசா வருசம் நிக்கிறதுதான்"னு சொல்லிட்டு எழுத ஆரம்பிச்சார்.

2024ல் ரிசல்ட் வந்தது. மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ். 47 பேர் எழுதி 47 பேர் பாஸ், 100 சதவீதம். கரட்டடியில் 58 பேர் எழுதி 50 பேர் பாஸ், 86 சதவீதம். மாநில சராசரியைவிடக் கீழே. ஃபெயிலான எட்டுப் பேரில் எங்கள் பொண்ணும் ஒருத்தி. கணக்கு. அவள் சேராமல் இருந்திருந்தால் 57க்கு 50, கிட்டத்தட்ட 88 வந்திருக்கும். அந்த மனுஷனிடமிருந்து அந்த ஒன்றரை சதவீதத்தை எடுத்தது நான்.

அன்றைக்கு ராத்திரி என் பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். ஒன்பதாவதில் மெயின் ரோட்டில் 62 பேர். அதில் 47 பேர் பத்தாவது பாஸ் என்றால் 76 சதவீதம். கரட்டடியில் ஒன்பதாவதில் 58 பேர், ஒருவர் வெளியூர் போனார், எங்கள் பொண்ணு வந்தாள், மறுபடி 58. அதில் 50 என்றால் 86. ஜூலையில் துணைத் தேர்வு எழுதி எட்டுப் பேரில் ஆறு பேர் பாஸ். அப்போது 58க்கு 56.

இரண்டு பள்ளியும் என் கண் முன்னால் இடம் மாறி உட்கார்ந்தன.

தேர்ச்சி சதவீதம் என்பது எழுதினவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பது. எழுத வராதவர் அதில் கிடையவே கிடையாது. நியாயமாகச் சொல்லணும்னா அந்த 15 பேரையும் பள்ளிதான் அனுப்பியது என்று நான் சொல்ல முடியாது. திருப்பூருக்குக் குடும்பத்தோடு போனவர்கள் இருப்பார்கள், வேறு பள்ளிக்கு மாறினவர்கள் இருப்பார்கள். 100 வாங்குகிற எல்லாப் பள்ளியும் இப்படி என்றும் இல்லை. ராத்திரி எட்டு மணி வரைக்கும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, ஒருத்தரையும் விடாமல் நூறு வாங்குகிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபிளெக்ஸைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, அதுதான் சிக்கல்.

அந்த மெயின் ரோட்டு ஹெச்எம்மைத் திட்டி இந்த த்ரெட்டை முடித்திருந்தால் லைக் நிறைய வரும். என்னால் முடியாது. ஏன் என்றால் எங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே கணக்கு ஓடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடம் முழுக்க ஒரு பிரசவச் சாவுகூட இல்லை என்று ரிவ்யூவில் சொன்னால் கைதட்டுவார்கள். கொஞ்சம் பிரஷர் ஏறின அம்மா, கொஞ்சம் ரத்தம் குறைந்த அம்மா, எல்லோரையும் 108ல் ஏற்றி மேலே அனுப்பிவிட்டால் என் லேபர் ரூமில் எப்படிச் சாவு வரும்? பாதி ரெஃபரல் சரியானது, அனுப்பித்தான் ஆகணும். மீதிப் பாதியில் பயம் இருக்கிறது. என் கணக்கில் வரக்கூடாது என்ற பயம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த பயத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு டிசி கொடுத்த மாதிரிதான் அது.

சரி, பிள்ளையைச் சேர்க்கப் போறவங்களுக்கு. சதவீதத்தைக் கேளுங்க, தப்பில்லை. கூடவே போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தாங்க, போன வருடம் பத்தாவது எத்தனை பேர் எழுதினாங்கன்னு கேளுங்க. சொல்ல மாட்டேன்னா யுடைஸ் வெப்சைட்டில் பாருங்க. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க நம்பர் உண்டு, வகுப்பு வாரியா எண்ணிக்கை, ஆசிரியர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். மொபைலில் பார்க்கத் தெரியலைன்னா பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்க. ஃபெயிலானவங்களை துணைத் தேர்வுக்கு யார் ஃபார்ம் போட வெச்சாங்கன்னு அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்க. பிளஸ் ஒன்னில் என்ன குரூப் இருக்கு, அந்தப் பாடத்துக்கு ஆள் இருக்கான்னு ஒன்பதாவதிலேயே கேட்டுக்கங்க. எனக்கு நடந்தது உங்க பிள்ளைக்கு வேண்டாம்.

அட்மிஷன் அன்றைக்குப் பெண் பிள்ளைகளின் பாத்ரூமைப் போய்ப் பாருங்க. வெட்கப்படாதீங்க. பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்க. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் நாலே காலுக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் நீங்களே போய் நில்லுங்க, பஸ் எப்ப வருதுன்னு பாருங்க.

ஆறாவது முதல் பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ சீட்டில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020லிருந்து இருக்கிறது. காலேஜ் போனால் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இதுக்கெல்லாம் பிள்ளை முதலில் படிப்புக்குள்ளே இருக்கணும். ஒன்பதாவதோடு படிப்பையே விட்டுவிட்ட பிள்ளைக்கு இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் பொண்ணு துணைத் தேர்வில் கணக்கில் 38 வாங்கி பாஸ். கரட்டடியிலேயே தொழிற்கல்விப் பிரிவில், நர்சிங் குரூப். இலவச சைக்கிள் வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர்தான், நாலரைக்கு வீட்டில் இருக்கிறாள். இந்த மாதம் பிளஸ் ஒன் ரிசல்ட்டும் வந்தது, பாஸ். ஜூனில் பிளஸ் டூ. ஹீமோகுளோபின் போன மாதம் 11.6. இன்னும் கொஞ்சம் ஏறணும்.

நான் இப்போது தாலுகா ஆஸ்பத்திரியில். போன திங்கட்கிழமை அக்கா சுகர் பார்க்க வந்தார். சின்னவன் எட்டாவது முடித்துவிட்டானாம். எந்த ஸ்கூல் என்று கேட்கவில்லை. "சேத்துட்டேன் டாக்டரம்மா, அதே ஸ்கூலுதான். வாத்தியார் இந்த மாசத்தோட ரிட்டையராம், அதுக்குள்ள போய்ச் சேத்துட்டேன்" என்றார்.

அந்த 15 கார்டுகளை ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் நாலு பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டு பேர் வேறு ஊரில் படிக்கிறார்கள். ஒரு பையன் தனித்தேர்வராக எழுத ஒப்புக்கொண்டிருக்கிறான், ஃபார்ம் நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். மிச்சம் பதினொன்று.